பொருந்தாத கையொப்பம்

“இன்னும் எத்தனை தடவைம்மா சரிபார்ப்பீங்க?” மருத்துவமனை மேலாளர் கத்தினார். “புது சாஃப்ட்வேரைப் போட்டாத்தான் கதிர்வீச்சு மெஷினே ஓடும். கம்பெனி அனுப்பின ஃபைல்தானே?”

கணினிப் பொறியாளர் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். ‘டிஜிட்டல் கையொப்பம் பொருந்தவில்லை’ என்றே மறுபடியும் வந்தது.

“நடுவுல யாரோ ஃபைல்ல கை வச்சிருக்காங்க சார். இதை ஏத்த மாட்டேன். கம்பெனியில வேற ஃபைல் கேட்டிருக்கேன்.”

“கல்நெஞ்சும்மா உங்களுக்கு! உள்ளே ஒரு குழந்தை அழுதுகிட்டுக் கிடக்கு. பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?”

அவள் கம்பெனிக்கு மறுபடி போன் போட்டாள். புது ஃபைல் வந்ததும் சரிபார்த்தாள். கையொப்பம் பொருந்தியது, மெஷினில் ஏற்றினாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“முடிஞ்சுதா மேடம்? சீக்கிரம் வாங்க. ‘அம்மா வந்தாத்தான் மெஷின்ல படுப்பேன்’னு உங்க பொண்ணு ஒரே அடம்.”