ஜமீல் கடை இங்கிலீஷ்

"டேய் ஜமீலு! இதை எழுதின கையை ஒடிக்கணும்டா!"

குன்றக்குடி ரோட்டிலுள்ள ஜமீலின் இட்லிக் கடைக்குள் கத்திக்கொண்டே நுழைந்தார் கோபிநாத் சார். ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். ஜமீலுக்கும் பாடம் நடத்தியவர். குரல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

கடை வாசல் போர்டில் தினமும் ஒரு இங்கிலீஷ் மரபுத்தொடர் எழுதி, அர்த்தமும் பிறந்த கதையும் போடுவது ஜமீலின் வழக்கம். இன்றைக்கு எழுதியிருந்தது:

'பிரேக் தி ஐஸ். சர்பத் கடையில் ஐஸ் உடைத்ததில் வந்தது. அர்த்தம்: சிநேகத்தை முறிப்பது.'

"தப்பா சார்?" ஜமீல் தலையைச் சொறிந்தார்.

"தலைகீழ்டா! குளிர் தேசத்துல தண்ணி உறைஞ்சு கெடக்கும். ஐஸை உடைச்சாத்தான் படகு போகும். அதுல வந்தது. பேச்சில்லாம இறுகிக் கெடக்குற எடத்துல, ஒருத்தர் மொதல்ல பேச்சைத் தொடங்குறதுக்குப் பேருடா அது!"

"உக்காந்து சொல்லுங்க சார், புரியல."

சார் உட்கார்ந்தார். "பிரேக்குங்கிற ஒத்த வினைச்சொல்லுக்கு எத்தனை அர்த்தம் தெரியுமா? பொழுது விடியிறதும் பிரேக்குதான். விரதத்தை முடிக்கிறதும் பிரேக்குதான். பிரேக்ஃபாஸ்ட் எப்படி வந்துச்சுங்கிறே?"

இட்லித் தட்டு முன்னால் வந்தது. திட்டிக்கொண்டே சாப்பிட்டார். "நாளைக்கும் தப்பா எழுது, ஒன்னைய வச்சுக்கிறேன்!" என்று மிரட்டிவிட்டுப் போனார். கடையே சிரித்தது.

கல்லாவில் இருந்த ஜமீலின் மனைவி ஹசீனாவுக்கு மானம் போனது. ஈரத்துணியோடு போர்டை அழிக்க எழுந்தாள்.

"தெனமும் நாலு பேர் முன்னாடி திட்டு வாங்குறீக, வெக்கமா இல்ல? ஒங்க மக ரிஹானா இங்கிலீஷ் எம்.ஏ. அவகிட்டக் கேட்டு எழுதுனா என்ன?"

"கேட்டுத்தான் எழுதுறேன். எந்தத் தப்புக்கு சாருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும்னு அவதான் சொல்லித் தர்றா."

ஹசீனா விழித்தாள்.

"சம்சாரம் போனதுல இருந்து சார் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டாக. கூப்பிட்டேன், வரல. இட்லி குடுத்துவிட்டேன், திருப்பி அனுப்பிட்டாக. ஒருநா நெசமாவே தப்பா எழுதிட்டேன். எவனோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போட்டுட்டான். சட்டையை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடியாந்தாக பாரு! அன்னையில இருந்து ஒருநா தவறல."

ஹசீனா துணியைக் கீழே போட்டாள். சாக்பீஸை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"சாயங்காலத்துக்கும் ஒரு தப்பு எழுதுங்க. ராத்திரி மட்டும் சார் பட்டினி கெடக்கணுமா?"