அலுமாரி நிறையத் துணிப்பை

உம்மா பாலாவிச் சந்திக் கடைக்குக் கிளம்பியதும் பஸீனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசல்வரை ஓடினாள்.

“துணிப்பைய வெச்சிட்டுப் போங்க உம்மா. கடையில சொப்பிங் பேக் தருவாங்கதானே.”

“பொலித்தீன் வேணாமெண்டு வீட்டையே திருத்தினவள் நீ. இப்ப வெட்கமா?”

“சனம் பாத்துச் சிரிக்கும்.”

“சிரிச்சிட்டுப் போகட்டும். அலுமாரி நிறையப் பை இரிக்கி. எரிக்கவா சொல்ற?”

தன் கல்யாண விருந்தாளிகளுக்குப் பலகாரம் கொடுக்கப் பிளாஸ்டிக் பெட்டி கூடாது என்று அடம்பிடித்து பஸீனாவே அச்சடிப்பித்த பைகள் அவை. மேலே பஸீனாவின் பெயர், கீழே மாப்பிள்ளை மிஹ்லாரின் பெயர். கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் மிஹ்லார் மாட்டேன் என்றுவிட்டான்.

உம்மா பையை விரித்தாள். அவன் பெயர் இருந்த துண்டை வெட்டியெடுத்து, அடியைத் தைத்திருந்தாள்.

“பை கொஞ்சம் சின்னதாப் போச்சு மகள், அவ்வளவுதான்.”