மெதுவாகக் கேட்பவர்

கணினித் திரையில் இருப்பதை எனக்கு ஸ்கிரீன் ரீடர்தான் வாசித்துச் சொல்கிறது. என்னைப் போலப் பார்வையற்றவர்களுக்கு அதைச் சரிசெய்து தருவதே என் வேலை. பார்வையற்ற மொழிபெயர்ப்பாளர் அக்கா ஒருவர் முதலில் போன் செய்தபோது எரிச்சலில் இருந்தார்.

"தம்பி, அது வாசிக்கிற வேகத்தை நூத்துக்கு எண்பத்தஞ்சுல வச்சிட்டுச் சாப்பிடப் போறேன். திரும்பி வந்து உட்கார்ந்தா இருபதுல இழுத்து இழுத்துப் பேசுது. வீட்டுல நான் ஒருத்திதான்."

இங்கிருந்தபடியே அவர் கணினிக்குள் போய் வேகத்தை மாற்றினேன். மறுநாள் முப்பது. மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஐம்பது.

பழுதென்றால் ஒரே எண்ணுக்குத் திரும்ப வேண்டும். இது ஏறிக்கொண்டே போனது. பார்வை போன புதிதில் நானும் இருபதில்தான் கேட்டேன். காது பழகப் பழகக் கூட்டிக்கொண்டேன். அங்கே வேறு யாரோ கேட்டுப் பழகுவதுபோல் இருக்கிறது என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் அவரே அழைத்தார். "எண்பத்தஞ்சுலயே நிக்குது தம்பி. சரியாயிடுச்சு."

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

இன்று மறுபடியும் அழைத்தார். குரல் தணிந்திருந்தது.

"கீபோர்டுல கோளாறுன்னு நினைக்கிறேன். ஒரு வரியைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள, நான் எதையும் தொடாமலே அடுத்த வரிக்குப் போயிடுது."

"வேகம் எவ்வளவுக்கா இருக்கு?"

"தொண்ணூத்தஞ்சு. நான் வைக்கல. போன வாரம் வரைக்கும் நான் முடிக்கிற வரைக்குமாவது காத்திருந்துச்சு."