வெர்லின் கட்சி மாறிய சனிக்கிழமை

தலையில் பச்சைத் தொப்பியோடு சிவப்பு வண்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தார் வெர்லின். வண்டிக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், புல் வெட்டும் வண்டி என்பது குடும்ப விவகாரம். பச்சை நிற டன்மோர் கம்பெனி வண்டி ஓடுகிற வீட்டில் சிவப்பு கார்விக் நுழையாது. எதிர்க்கட்சி வீட்டுக்குப் பெண்ணைக்கூடக் கொடுத்துவிடுவார்கள், வண்டியை மட்டும் மாற்ற மாட்டார்கள். வெர்லின் விவரம் தெரிந்த நாளிலிருந்தே பச்சை.

"என்னய்யா, கண்ணு தெரியலையா? பச்சைக் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம்," என்றார் ராஜர். ராஜர் பரம்பரைச் சிவப்பு. வெர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவர், இருவருக்கும் இப்போது எழுபத்தெட்டு.

"தெரியும்."

"நாளைக்கு சர்ச்சுல விருந்து. எங்க மேசையில வந்து ஒட்டிக்கலாம்னு பாக்காத. இடம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

மற்ற நாளாக இருந்தால் வெர்லின் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பார். இன்றைக்கு அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான். உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

கடைக்காரர் கர்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்பு வெளியூரிலிருந்து வந்து கடையை வாங்கியவர். நியாயமான மனுஷன், அதனாலேயே வியாபாரம் சுமார்தான்.

"வெர்லின், உள்ளதைச் சொல்லிடறேன். உங்க டன்மோர் வாங்கி மூணு வருஷம்தான் ஆகுது. மரத்தைச் சுத்தித் திருப்பறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல. எங்க கார்விக் ஈரப் புல்லை நல்லா வெட்டும். ஆனா உங்களோடது மேட்டு நிலம், அங்க ஏது ஈரம்? எதுக்கு மாத்தறீங்க?"

"சத்தம் எப்படி?"

"இதுவா? பக்கத்துல குழந்தையைத் தூங்க வைக்கலாம்."

"சத்தம் வேணும் கர்ட். சமையல்கட்டு வரைக்கும் கேக்கணும்."

கர்ட் தலையைச் சொறிந்தார். சத்தம் போதவில்லை என்று குறைப்பட்ட ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"அப்படின்னா பின்னாடி ஒரு பழசு நிக்குது. ஐம்பது வருஷத்துக்கு முந்தின மாடல். ஓடும், ஆனா ஊரைக் கூட்டிடும்."

வெர்லின் பின்கட்டுக்குப் போனார். பழைய கார்விக் வெயிலில் வெளுத்து நின்றது. சுற்றிக்கூடப் பார்க்காமல், "இதுதான்," என்றார்.

வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்த ராஜர், "இதே மாதிரி ஒண்ணு உங்க வீட்டுக் கொட்டகையில நின்னுச்சே?" என்றார்.

"அது நான் அந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

ராஜர் அதற்கு மேல் கிண்டல் பண்ணவில்லை. காபி ஆறிப்போகும் என்று எதையோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கர்ட் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றினார். "வீட்ல நாடீன் என்ன சொன்னாங்க?"

"அவதான் கேக்கறா. காலையில எழுந்ததுலேருந்து ஜன்னல் பக்கமே உக்காந்துகிட்டு, சிவப்பு வண்டி வந்துடுச்சா, வந்துடுச்சான்னு ஒரே கேள்வி."

கர்டுக்கு முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன்! அம்மா உத்தரவா? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இன்னைக்கு மத்தியானமே டிரக்ல ஏத்திக் கொண்டு வந்து இறக்கிடறேன்."

"வேணாம். நானே ஓட்டிட்டுப் போறேன். அரை மைல்தானே. வாசல்ல திரும்பும்போது நான் இது மேல இருக்கணும்."

கர்ட் உள்ளே ஓடிப்போய் ஒரு சிவப்புத் தொப்பி எடுத்துவந்தார். வண்டி வாங்குகிறவர்களுக்குக் கடை கொடுக்கிற இலவசத் தொப்பி. நியாயமாக ஒரு பச்சைக்காரர் அதைக் கையால்கூடத் தொடக் கூடாது.

வெர்லின் தன் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். சிவப்பைப் போட்டு, புருவம் மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். வண்டியில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகு வலித்தது, ஆனாலும் வளைக்கவில்லை.

"கர்ட், அந்த வேலிகிட்டப் போய் நின்னு பாரு. என் முகம் தெரியுதா?"

கர்ட் போய் நின்று பார்த்தார். "தெரியலையே! தொப்பி மறைக்குது. கொஞ்சம் மேல ஏத்துங்க."

"இருக்கட்டும். இதுதான் சரி."

"என்னங்க நீங்க! ஆசையா ஜன்னல்ல காத்துக்கிட்டிருக்காங்க. நாற்பத்தோரு வருஷமாக் கூட வாழ்ந்த மனுஷன் முகத்தைப் பாத்தாதானே அவங்களுக்குச் சந்தோஷம்?"

வெர்லின் சாவியைத் திருப்பினார். வண்டி ரெண்டு தடவை இருமிவிட்டு, ஊரே கேட்கிற மாதிரி உறுமியது. கர்ட் வேலியை விட்டுக் கிட்டே வந்து காதை நீட்டினார்.

"என் முகம் அவளுக்கு மறந்துபோச்சு கர்ட். செத்துப்போன முதல் புருஷன் வருவான்னுதான் காத்துக்கிட்டிருக்கா."