விருந்தாளிக்கு வாங்கிய பூட்ஸ்

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தொட்டிக்குள் நின்று கால்நடை டாக்டர் தன் பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார். வாளிச் சத்தம் கேட்டாலே கூரை பிய்ந்து போகக் கத்துகிற பன்றிகள், காது நீலம் பாரித்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. ஈக்களின் இரைச்சல்தான் கேட்கிறது. “இந்தக் காய்ச்சலுக்கு மருந்தே கிடையாது. மிச்சத்தையும் இன்னிக்கே கொன்னு புதைச்சாகணும். வெளியாள் யாராவது உள்ள வந்தாங்களா?” டாக்டர் கேட்டதும் பண்ணைக்காரர் கொட்டில் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பத்து நாளைக்கு முன் தங்கை வீட்டுக்காரர் வந்தார். பன்றி வாங்கி விற்கிறவர், தினம் நாலு பண்ணை மிதிக்கிறவர். காலில் ஒட்டிய சேறு காயுமுன்னே குட்டிகளைப் பார்க்க விறுவிறுவென்று உள்ளே போனார். மாப்பிள்ளையிடம் போய், காலைக் கழுவிவிட்டு வாங்க என்று எந்த வாயால் சொல்வது? “யாரும் வரலைங்க.” பக்கத்தில் நிற்கும் மனைவி பல்லைக் கடிக்கிறாள். “சொல்லித் தொலைங்களேன்.” அது அவர் காதுக்கு மட்டுமே கேட்கிறது. வருகிறவர்கள் மாற்றிக்கொள்ளவென்று டாக்டர் சொல்லி வாங்கிய ரப்பர் பூட்ஸ் சுவரோரம் இருக்கிறது. அதில் ஒன்றை டாக்டர் கவிழ்த்துப் பார்க்கிறார். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அடியில் அழுக்குப்படாமல் இருக்கிறது. “ஆமா, யாரும் வரலைதான்,” என்று எழுதிக்கொள்கிறார். பண்ணைக்காரர் அந்தப் பேனாவையே பார்க்கிறார். இந்நேரம் மாப்பிள்ளை இன்னொரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். அங்கேயும் எவனோ ஒருத்தன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, கதவை அகலத் திறந்துவிட்டிருப்பான்.