ஜாடிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி

யாரும் பார்க்காத பொருளை, பார்வைகளை எண்ணும் அருங்காட்சியகக் காட்சிப் பேழையே கிடங்குக்கு அனுப்பிவிடும். அப்பாசிய கலீஃபாக்கள் காலத்து, ஈராக்கின் பஸ்ரா நகர நீல ஜாடிக்கு இதுதான் கடைசி வாரம். காப்பாளர் ருக்கையா தானே நாளெல்லாம் நின்று அதைப் பார்த்தார். ஊழியர் பார்வை கணக்கில் சேராதாம்.

எரிச்சலில், ஜாடிக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்தார். கூட்டம் மொய்த்தது. தலை சீவினார்கள், முக்காட்டைச் சரிசெய்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். எண்ணிக்கை எகிறியது.

"பாத்தீங்களா உவைஸ், ஜாடி பொழைச்சிருச்சு!" என்றார் காவலாளியிடம்.

மறுநாள் பேழையில் கண்ணாடி மட்டும் இருந்தது.

"ஜாடி எங்கே?"

"கண்ணாடிய மறைக்குதுன்னு பேழை அதைக் கெடங்குக்கு அனுப்பிருச்சு மேடம்."

ருக்கையா பேழையை நெருங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து சீப்போடு ஒருவர் குரல் கொடுத்தார்: "கொஞ்சம் தள்ளுங்கம்மா, மறைக்குது."