ஒரே ஒரு ரவை

"ஒரே ஒரு ரவைக்கு மருந்து அடைக்கணும், மிஸ். எந்த மருந்து நல்லது?"

ஹெட்செட்டில் வந்த குரல் வயதானவருடையது. அமெரிக்காவில் அவருக்கு அப்போதுதான் விடிகிறது. இங்கே கொட்டாஞ்சேனையில் மாலை நேர அஸர் தொழுகை முடிந்து, தெரு மறுபடி இரையத் தொடங்கியிருந்தது.

நிம்றா வீட்டிலிருந்தபடியே ஓர் அமெரிக்கக் கடைக்காகத் தொலைபேசியில் பதில் சொல்பவள். அந்த நாட்டில் துவக்கு வைத்திருப்பவர்கள் பலர், சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்று ரவைக் கோதுகளை எறிவதில்லை. வீட்டிலேயே மறுபடி மருந்து அடைத்துக்கொள்வார்கள். அதற்கான வெடிமருந்தை டப்பா டப்பாவாக விற்கிற கடை அது. பிஸ்டலுக்குச் சட்டென்று எரிகிற மருந்து, ரைபிளுக்கு ஆறுதலாக, மெதுவாக எரிகிற மருந்து என்பதெல்லாம் பயிற்சியில் மனப்பாடம் செய்தது. நிசத் துவக்கை அவள் கண்டது சோதனைச் சாவடிகளில் மட்டும்தான்.

அவள் வேலைக்கு உட்கார்ந்ததுமே மாமி ஹமீமா ஜன்னல்களைச் சாத்திவிடுவார்.

"துவக்கு, வெடிமருந்து எண்டு கத்தாத புள்ள. பக்கத்து வீட்டு ஆக்களுக்கு இங்கிலீஷ் விளங்கும். நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அந்தப் பயம் நிம்றாவுக்கும் உண்டு. ஆனால் இன்று அவளை உறுத்தியது அந்த 'ஒரே ஒரு'தான்.

"பிஸ்டலுக்கா, ரைபிளுக்கா ஐயா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"பிஸ்டலுக்கு."

"வழக்கமா எந்த மருந்து பாவிக்கிறீங்க?"

"டப்பாவைப் பாத்துத்தான் சொல்லணும்."

அந்த இலக்கத்திலிருந்து போன மாதமும் மருந்து வாங்கப்பட்டிருப்பதாகத் திரை காட்டியது. வாங்கினவருக்கே பெயர் தெரியாதா?

"ஒரு டப்பா எடுத்தா நிறைய ரவைக்குக் காணும் ஐயா. உங்களுக்கு..."

"எனக்கு ஒண்டு போதும். பிசகாமச் செய்யணும். பிசகினா எல்லாம் போச்சு."

நிம்றா நேரம் கடத்தப் பார்த்தாள்.

"இண்டைக்கு அனுப்பினாலும் வந்து சேர நாலைஞ்சு நாள் எடுக்கும்."

"அவ்வளவு நாள் இல்ல. நீங்க பேரை மட்டும் சொல்லுங்க. இங்க விடியக்காலமே திறக்கிற கடையில வாங்கிடுவன்."

அவள் விரல்கள் தாமாகவே மேலாளர் அஷ்பாக்குக்குத் தட்டின: 'தன்னையே சுடப்போகிறார் போல இருக்கு.'

உடனே பதில் வந்தது: 'போனை வைக்க விடாதே. விலாசம் நம்மிடம் இருக்கு. அந்த ஊர்ப் பொலிசுக்குச் சொல்கிறேன். பேச வை.'

தேத்தண்ணி கொண்டு வந்த மாமி, அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன புள்ள, ஏசுறாங்களா?"

நிம்றா இல்லையென்று தலையாட்டி, மாமியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை விட அவளுக்கு மனமில்லை.

"ஐயா, வீட்டில தனியவா இருக்கிறீங்க?"

"இல்ல. மகன் இருக்கிறான். தூங்குறான்."

அல்ஹம்துலில்லாஹ்! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவரை எழுப்புங்க. போனை அவர்ட்ட குடுங்க, நான் பேசுறன்."

"வேணாம்!" குரல் பதறியது. "அவன் எழும்பக் கூடாது. அவன் எழும்ப முதல் இந்த வேலை முடியணும்."

பயிற்சியில் சொல்லித் தந்த வசனங்கள் எல்லாம் நிம்றாவுக்கு மறந்துபோயின. வாயில் வந்ததைப் பேசினாள்.

"என்ட வாப்பாவுக்கும் உங்கட வயசுதான் இருக்கும். சின்னச் சின்னதுக்கெல்லாம் அவரோட சண்டை பிடிப்பன். ஆனா அவர் இல்லாட்டி நான் என்ன ஆவன் எண்டு அவருக்கே தெரியாது. உங்கட மகனைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க ஐயா."

மறுமுனையில் அவர் அழத் தொடங்கினார். சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை.

"அவனைத்தானே நெனைக்கிறன்."

"அப்ப ஏன் இப்பிடி? நான் மருந்து சொல்ல மாட்டன். வேலை போனாலும் பரவாயில்ல. உங்களைச் சாக விட மாட்டன்!"

கத்திவிட்டாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தும் தெருவுக்கே கேட்டிருக்கும். மாமி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நானா?" அவர் திகைத்தார். "நான் ஏன் சாகணும்? துவக்கு என்னோடது இல்ல மிஸ், அவனோடது; போன மாசம் மருந்து வாங்கினதும் அவன்தான். ராத்திரி முழுக்க அதை மேசையில வச்சுப் பாத்துக்கொண்டே இருந்தான். உள்ள ஒரே ஒரு ரவை. அவன் கண் அயர்ந்ததும் எடுத்துக்கொண்டு வந்திட்டன். ஒளிச்சா வேற ஒண்டு வாங்கிடுவான். அதான், அந்த ரவையைக் கழட்டி மாத்தி அடைக்கிறதுக்கு, வெடிக்காத மருந்து எது எண்டு கேக்குறன்."

அந்த நேரம் பார்த்து, அவருடைய பக்கம் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரோ வந்திருக்காங்க... பொலிஸ்! நீங்களா கூப்பிட்டீங்க? எனக்காகவா?"

"ஓம் ஐயா," என்றாள் அழுதபடியே. "துவக்கைக் கீழ வச்சிட்டு, மெதுவாக் கதவைத் திறங்க. என்னட்டச் சொன்னதை அவங்களிட்டச் சொல்லுங்க."

பிழையான ஆளுக்காக அவள் அனுப்பிய உதவி, சரியான வீட்டு வாசலில்தான் போய் நின்றது.